தைராய்டு பார்க்க வந்த மருத்துவ மாணவி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 22 வயது. வெளிமாநிலத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவரை அவருடைய அம்மா எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். முகப்பில் இருக்கும் அக்கா பதிவு அட்டையில் எழுதியிருந்த காரணம்: தைராய்டு, சுகர், வெயிட். உயரம் 157 சென்டிமீட்டர். கல்லூரியில் சேரும்போது 61 கிலோ, வந்த அன்று 78 கிலோ. அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 24.7-இலிருந்து 31.6-க்கு ஏறியிருந்தது.

அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். எடை கூடிய ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தால் எங்கள் கை தானாகவே எடையின் பக்கம்தான் போகும். இவர் விஷயத்தில் எடையைக் கடைசியில் தொட்டதுதான் பலன் தந்தது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

குடும்பம்

சுங்கை சிப்புட் மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கும் தோட்டப்புற நகரம். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதனால் வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊருக்கு ஓர் இடம் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்களில் பலர் இப்போது தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த மாணவியின் பாட்டி பால் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக் கெந்தீனில் சமைக்கிறார். படிப்புச் செலவில் ஒரு பகுதி பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன், ஒரு பகுதி அப்பாவின் சேமநிதியிலிருந்து எடுத்தது. இந்த இரண்டும் பின்னால் வரும் விஷயங்களுக்கு முக்கியம். பிள்ளைக்கு ஒரு பாடம் போனால் அது வெறும் பாடம் போனதாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை நோய். அப்பாவுக்கு ரத்த அழுத்தம். மனநோய் என்று யாருக்கும் பெயர் வைக்கப்படவில்லை. ஆனால் தாய்மாமா ஒருவர் "குடிச்சே போயிட்டாரு" என்று அம்மா சொன்னார். இப்படிச் சொல்லப்படும் மரணங்களைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது. நான் பிறகு தனியாகக் கேட்டேன். மாமா பூச்சிமருந்து குடித்திருந்தார்.

வந்தபோது சொன்னது

பேசியது அம்மா. "சாப்பிடறதே இல்ல டாக்டர். காலையில வெறும் காப்பி. மத்தியானம் கேட்டா வேணாங்குது. ஆனா ஒடம்பு மட்டும் ஏறிக்கிட்டே போவுது. தைராய்டா இருக்குமோ? டாக்டருக்குப் படிக்கிற பிள்ள, அதுக்கே தெரியணும்ல?" மகள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று: எடை குறைக்கும் ஊசிப் பேனா எழுதித் தர முடியுமா?

அம்மா சொன்னது பொய்யில்லை. பகலில் அவர் கண்ணால் கண்டது அதுதான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் தாயை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது. வெளியே போங்கள் என்றால் தாய்க்கு மனம் நோகும். அம்மாவுக்கும் சர்க்கரை இருப்பதால், "நீங்களும் பிரஷர், சுகர் பார்த்துக்குங்கம்மா" என்று நர்ஸிடம் அனுப்பினேன். எங்கள் ஊரில் இந்த வழி எப்போதும் பலிக்கும். யாரையும் வெளியே அனுப்பியதாகவும் ஆகாது.

கதவு சாத்தியதும் எடையைப் பற்றிக் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

அவர் சொன்னதன் சுருக்கம்: காலை எட்டு மணிக்கு வகுப்பு அல்லது வார்டு. காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை. விட்டு விட்டு உண்ணாமல் இருந்தால் இளைக்கும் என்று இணையத்தில் பார்த்து ஓர் ஆண்டாக அப்படித்தான். மாலையில் தலை சுற்றும், புத்தகத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பார். அறைத் தோழி தூங்கிய பிறகு மாமாக் உணவுக்கடையில் தாப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி, வாங்கி வந்ததைப் பிரிப்பார். இரண்டு ரொட்டி சானாய், ஒரு மேகி கோரேங். அது முடிந்ததும் ஒரு பாக்கெட் பிஸ்கட். பிறகு மைலோ டின்னைத் திறந்து பொடியை அப்படியே கரண்டியால் வாயில் போட்டுக்கொள்வார். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிடும். "வயிறு வலிக்கும் டாக்டர். அப்பவும் கை அங்கதான் போவும். நான் சாப்பிடற மாதிரியே இருக்காது." காகிதங்களையும் பொட்டலங்களையும் பையில் மறைத்து எடுத்துப் போய், காலையில் பக்கத்துக் கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார். வாந்தி எடுத்ததில்லை. பேதி மாத்திரை போட்டதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, குறைந்தது ஏழெட்டு மாதமாக.

தூக்கம் நான்கு மணி நேரம். முன்பு பேட்மிண்டன் ஆடுவார். டீ-சர்ட் போட வேண்டியிருப்பதால் விட்டுவிட்டார். வார்டில் பின்வரிசையில் நிற்பார். எதிலும் மனம் ஒட்டவில்லை. வகுப்புக்குப் போகாத நாள்கள் கூடிக்கொண்டிருந்தன.

இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு செய்முறை வகுப்பை அவரே எடுத்துச் சொன்னார். மாணவர்கள் ஒருவரையொருவர் எடை பார்த்து, இடுப்பளந்து பழக வேண்டும். இவருடைய எண் சத்தமாக வாசிக்கப்பட்டது: 74 கிலோ, பி.எம்.ஐ. 30. பாடம் நடத்தியவர் பலகையில் எழுதி, "இதுதான் ஒபீஸ் கிளாஸ் ஒன்" என்று விளக்கிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. அவர் திட்டவும் இல்லை. அன்று இரவுதான் முதன்முதலாக மைலோ டின் காலியானது என்று மாணவி சொன்னார்.

உடல் பரிசோதனை

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104. ரத்த அழுத்தம் 138/88. கை நடுக்கம் இல்லை, தைராய்டு வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. இடுப்பளவு 94 சென்டிமீட்டர். ஆசியப் பெண்களுக்கான எல்லை 80. தாடையில் கொஞ்சம் முரட்டு முடி. மாதவிடாய் ஓராண்டாக 40 முதல் 50 நாளுக்கு ஒரு முறை.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருந்தது. கழுத்துத் தோலில் நகக்கீறல்கள். அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, பயத்தமாவும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அது அழுக்கல்ல, உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது தோல் காட்டும் அடையாளம். மகளுக்கு இது தெரியும். அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று தேர்வில் எழுதியிருக்கிறார். ஆனாலும் தினமும் தேய்த்திருக்கிறார்.

எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் அட்டையில் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

104 என்ற துடிப்புதான் எனக்கு உறுத்தியது. பதற்றம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வேறு ஏதாவது மருந்தோ பானமோ எடுக்கிறாயா என்று கேட்டபோது, "ஸ்லிம்மிங் காப்பி" என்றார். ஆறு வாரமாக, தினம் ஒரு பொட்டலம். கைப்பையிலேயே இருந்தது. பொன்னிற உறை, பூக்கள், வளைந்த இடுப்பின் படம். மருந்தாகப் பதிவான பொருள்களில் இருக்க வேண்டிய எம்.ஏ.எல். எண் இல்லை. இந்த வகைக் காப்பிகளிலும் ஜூஸ்களிலும் சிபுட்ராமின் கலந்திருப்பதாக நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. சிபுட்ராமின் பசியைக் குறைக்கும். கூடவே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரிந்த பிறகு 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தப் பொட்டலத்துக்குள் அதுதான் இருந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதை நிறுத்தி ஒரு வாரத்தில் துடிப்பு 84, அழுத்தம் 122/78.

மருந்தியல் பாடத்தில் இவருக்கு நல்ல மதிப்பெண். இணையத்தில் விற்கும் காப்பியின் உறையில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். வாங்கும்போது பார்க்கவில்லை. இந்த நோயில் அறிவு உதவுவதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் தன் அறிவைத் தன்னைக் குற்றம் சாட்ட மட்டுமே பயன்படுத்தினார். "நான் டயபெட்டிஸ் பேஷண்ட்டுக்கு டயட் சொல்றேன், ராத்திரி போயி நான் என்ன பண்றேன்?" என்பது அவருடைய சொற்கள்.

மனநிலை மதிப்பீடு

மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் 27-க்கு 16. இது நடுத்தரத்தைத் தாண்டிய கடுமை. பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7-இல் 21-க்கு 11. பி.எச்.கியூ-9-இன் ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதற்கு, "சில நாள்கள்" என்று குறித்திருந்தார். இந்தக் கட்டத்தில் குறி விழுந்தால் மொத்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. நேரடியாகக் கேட்டேன். தூங்கி எழாமலே போனால் நல்லது என்று தோன்றும், எப்படி என்று யோசித்ததில்லை, முயன்றதில்லை, மாத்திரை எதையும் சேர்த்து வைக்கவில்லை. அப்பாவின் சேமநிதிப் பணம் நினைவுக்கு வரும், அதோடு நின்றுவிடும். மாமா எப்படி இறந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாத்தா வீட்டுக் கொட்டகையில் செம்பனைக்கு அடிக்கும் மருந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அன்று மாலையே அதை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்தோம். ஆலோசனை சொல்வதைவிட இந்த வேலை முக்கியம்.

உண்ணும் கோளாறுகளுக்கான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு மட்டும் ஆம் வந்தது: கட்டுப்பாடு போகிறது, உணவு வாழ்க்கையை ஆள்கிறது. இரண்டு இருந்தாலே மேலும் விசாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் விதி. ஆனால் கருவியின் குறை இங்கே தெரிகிறது. "மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நினைக்கிறாயா" என்பது அதில் ஒரு கேள்வி. இவரை ஒல்லி என்று சொல்ல ஊரில் ஆளில்லை. 1999-இல் பிரிட்டனில், மெலிந்து போகிறவர்களையும் வாந்தி எடுப்பவர்களையும் மனத்தில் வைத்து உருவான கருவி அது. எடை கூடியவரின் உண்ணும் கோளாறு அதன் வலையில் எளிதாக நழுவிவிடும். நமது கண்ணிலும் அப்படித்தான் நழுவுகிறது. 45 கிலோவுக்கு இறங்கிய பெண் என்றால் வீடே அலறும். 78-க்கு ஏறியவரிடம் அளவாகச் சாப்பிடு என்பார்கள்.

ரத்தப் பரிசோதனை

டி.எஸ்.எச். 2.1. தைராய்டு சரியாக இருந்தது, அம்மாவுக்கு ஏமாற்றம். கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.8 சதவீதம், மலேசிய வழிகாட்டியின்படி சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை. கல்லீரல் நொதி ஏ.எல்.டி. கொஞ்சம் கூடுதல். புரோலாக்டின் சரி. ஒழுங்கற்ற மாதவிடாயும் முடி வளர்ச்சியும் சேர்ந்து இருப்பதாலும் மற்றக் காரணங்கள் விலகியதாலும் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு என்று முடிவு செய்தேன். இந்த இரண்டும் தெளிவாக இருக்கும்போது ஸ்கேன் அவசியமில்லை.

கணிப்பு

மிதமிஞ்சி உண்ணும் கோளாறு, கூடவே மனச்சோர்வு, பி.சி.ஓ.எஸ்., அனுமதியற்ற எடைக் குறைப்புப் பானத்தின் விளைவு. பெயரில் ஒரு சிக்கல் உண்டு. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநோய்க் கையேடு இந்தக் கோளாறைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது: குறைந்தது வாரம் ஒரு முறை, மூன்று மாதம், கட்டுப்பாடு போன உணர்வோடு, தின்றதை ஈடுகட்டும் செயல்கள் வழக்கமாக இருக்கக் கூடாது. பட்டினி கிடப்பதும் மருந்து சாப்பிடுவதும் ஈடுகட்டும் செயல்களில் சேரும். அப்படிப் பார்த்தால், மிதமிஞ்சித் தின்றுவிட்டு அதை ஈடுகட்டும் புலிமியா என்ற கோளாறு என்றும் வாதாடலாம். இவர் முழுநாள் பட்டினி கிடக்கவில்லை, காப்பி ஆறு வாரம்தான் என்பதால் முதல் பெயரை வைத்துக்கொண்டேன். மனநல நிபுணர் பிறகு அதையே ஏற்றார். எந்தப் பெயராக இருந்தாலும் சிகிச்சையின் முதல் படி ஒன்றுதான்.

எது முதலில் வந்தது என்று அம்மா கேட்டார்: எடையா, மனக்கஷ்டமா? 2010-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு இதற்கு இரு பக்கமும் பதில் சொல்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதல். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் உடல் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதல். இவர் விஷயத்தில் நான் பார்த்த வரிசை இது: முதல் ஆண்டில் தூக்கம் குறைந்தது, எடை மெல்ல ஏறியது, அந்த எண் வகுப்பில் வாசிக்கப்பட்டது, பகல் பட்டினி தொடங்கியது, பட்டினி இரவைத் திறந்துவிட்டது, இரவு எடையை ஏற்றியது, மனத்தை இறக்கியது.

தூக்கத்தின் பங்கைக் குறைத்துப் பார்க்கக் கூடாது. 2004-இல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வில், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. வெறும் இரண்டு இரவில் இவ்வளவு. இவர் இரண்டு ஆண்டு அப்படித் தூங்கியிருக்கிறார்.

பட்டினியின் பங்கு அதைவிடப் பழைய செய்தி. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சிடுசிடுத்தார்கள், சோர்ந்தார்கள். உணவு திரும்பக் கிடைத்ததும் சிலர் வயிறு வலிக்க வலிக்கத் தின்றார்கள், நிறுத்த முடியவில்லை. அவர்களுக்கு மன உறுதி குறைவு என்று யாரும் சொல்லவில்லை. இதே கீஸ்தான் 1972-இல், பெல்ஜியத்தின் கெட்லே 1830-களில் கண்ட ஒரு கணக்குக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தவர். கெட்லே அதைக் கணித்தது மக்கள்தொகையை விவரிக்க. ஒரு பெண்ணை வகுப்பில் நிறுத்தி விவரிக்க அல்ல. இந்தக் கதையை மாணவியிடம் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார்: "பி.எம்.ஐ. பாடத்துல இத சொல்லித் தரல டாக்டர்."

சிகிச்சை

காப்பியை நிறுத்தியது முதல் வேலை. அதில் இன்னொரு காரணமும் இருந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளும் சிபுட்ராமினும் உடலில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுபவை; இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அதனால் இரண்டு வாரம் விட்டு, துடிப்பு இறங்கியதைப் பார்த்த பிறகே அந்த வகை மாத்திரையான செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி 50-க்குப் போனேன். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இருப்பதால் வாரம் ஒரு முறை வரச் சொன்னேன். மன நெருக்கடியில் அழைக்கக்கூடிய பெஃப்ரெண்டர்ஸ் எண்ணையும், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-ஐயும் அவர் போனில் என் முன்னாலேயே பதியவைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை மாணவியே முடிவு செய்தார். சாவு எண்ணத்தை அம்மாவுக்குத் தெரிவிக்கச் சம்மதித்தார். வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றார்.

உணவு விஷயத்தில் எழுதிக் கொடுத்தது மிகச் சாதாரணம். மூன்று வேளை, நடுவில் இரண்டு சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. முதல் நாள் இரவு எப்படிப் போயிருந்தாலும் மறுநாள் காலை சாப்பிட வேண்டும். கலோரி எண்ணக் கூடாது. எந்த உணவுக்கும் தடையில்லை. ரொட்டி சானாய்க்கும் இல்லை, பகலில் உட்கார்ந்து சாப்பிடும்வரை. இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. இந்தக் கோளாறுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படையே உணவை ஒழுங்குபடுத்துவதுதான். எடை குறைப்பது அந்தச் சிகிச்சையின் இலக்கல்ல என்பதை நோயாளிக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதை அம்மா ஏற்கத்தான் நேரமானது. "எடை கொறைக்க வந்தா, அஞ்சு வேளை சாப்பிடச் சொல்றீங்களே!" அவர் மகளுக்காக முருகனுக்கு விரதம் நேர்ந்திருந்தார், விரதத்தோடு எடையும் இறங்கும் என்ற கணக்கில். விரதத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசித்தபோது, அடுத்த வாரம் கூட வந்த பாட்டி முடித்துவைத்தார்: "பிள்ள சோறு திங்கட்டும்டி. முருகன் எங்க போயிடப் போறான்?"

ஊசிப் பேனாவை மறுக்கவில்லை, பின்னால் தள்ளினேன். பகல் பட்டினியையே சிகிச்சை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பசியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் பட்டினிக்குத்தான் துணை போகும். மாதத்துக்குப் பல நூறு ரிங்கிட் செலவு வேறு. அது யார் சட்டைப்பையிலிருந்து வரும் என்பது தெரிந்ததுதான். இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபோர்மினையும் சில மாதம் தள்ளினேன். வயிற்றைப் புரட்டும் மாத்திரையை உணவு ஒழுங்காகும் முன் கொடுப்பதில் பயனில்லை.

மனநல நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" எங்களிடமிருந்து அந்த ஊர் தூரமில்லை. 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், நாடு முழுக்க அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேலிக்கு அதைச் சொல்வார்கள். ஈப்போ பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் கடிதம், இதயத்துக்கும் எலும்புக்கும் போகிற அதே இடம் என்றதும் ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் அந்த உலு கிந்தா மருத்துவமனையிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாதத்தை அன்றே ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை.

மாணவியின் பயம் வேறு. மருத்துவப் பதிவுக்கு இது தடையாகுமா, ஹவுஸ்மன்ஷிப் எனும் பயிற்சி மருத்துவர் காலத்தில் கேட்பார்களா? மருத்துவ மன்றம் பார்ப்பது தொழில் செய்யத் தகுதியான நிலையில் இருக்கிறாரா என்பதை. சிகிச்சை எடுத்து நன்றாக இருப்பவர் அந்தத் தகுதியை இழப்பதில்லை. சிகிச்சை எடுக்காமல் தேய்ந்து போகிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2016-இல் வந்த உலகளாவிய தொகுப்பாய்வில் மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன, 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 15.7 சதவீதம்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

தொடர்ந்து பார்த்தது

ஒரு மாதத்தில் இரவுச் சம்பவங்கள் வாரம் மூன்றிலிருந்து ஒன்றாக இறங்கின. பி.எச்.கியூ-9 எண் 11. ஒன்பதாவது கேள்வியில் குறி இல்லை. எடை அரைக் கிலோ கூடியிருந்தது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் அறைத் தோழியிடம் விஷயத்தைச் சொன்னார். கிளந்தானைச் சேர்ந்த மலாய்ப் பெண். அதற்குப் பிறகு இருவரும் ஏழு மணிக்குச் சேர்ந்து சாப்பிட்டார்கள். நான் கொடுத்த எதையும்விட இது பெரிய மருந்து என்று நினைக்கிறேன். ஆனால் ரமலான் மாதம் எங்கள் கணக்கில் இல்லாத ஒரு குழியைத் தோண்டியது. பகலில் கெந்தீன் மூடியிருக்கும். நோன்பிருக்கும் தோழி முன்னால் சாப்பிடக் கூச்சம். மாலையில் பசார் ரமலான் உணவுச் சந்தை முழுக்க மணம். இரண்டே வாரத்தில் பழைய இரவுகள் திரும்பின. அறையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொள், தோழியிடம் நீயே கேள் என்றேன். தோழி, "நான்தானே நோன்பு, நீ ஏன் பட்டினி?" என்று கேட்டாராம். அடுத்த ஆண்டும் இந்த மாதத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டும் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் பி.எச்.கியூ-9 எண் 6. பேட்மிண்டன் திரும்பியது, கறுப்பு நிறத் தொளதொள சட்டையோடு. ஆறாம் மாதம் எடை 75 கிலோ, எச்பிஏ1சி 5.6, மாதவிடாய் 35 நாளுக்கு ஒரு முறை. மெட்ஃபோர்மின் அப்போதுதான் தொடங்கினோம். ஒரு பாடத்தில் தோற்று, மறுதேர்வில் தேறினார். முன்பு அவர் பயந்த அதே விஷயம் நடந்தும் இரவுகள் திரும்பவில்லை. ஆறு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான், மூன்று கிலோ அல்ல.

தீபாவளிதான் மோசம். வந்த சொந்தக்காரர்களில் ஓர் அத்தை வாசலிலேயே, "டாக்டரம்மா நல்லா ஊதிட்டாங்களே!" என்றார். அந்த வாரம் இரண்டு இரவு பழையபடி போனது. அம்மா தன் நாத்தனாரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன என்று மகளுக்கும் தெரியாது, ஆனால் பொங்கலுக்கு வந்த அத்தை உடம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நம் வீடுகளில் எடையைப் பற்றிச் சொல்வது நலம் விசாரிப்பில் சேர்த்தி. அந்தப் பழக்கத்தை ஒரே தலைமுறையில் நிறுத்த முடியும் என்று நான் நம்பவில்லை. ஒரு வீட்டில் நிறுத்த முடியும்.

சகாக்களுக்கு

2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 சதவீதம் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023-இல் அது 54.4. 2019 கணக்கில் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். ஆகவே எடையைப் பற்றிப் பேசாமல் எங்களால் தொழில் நடத்த முடியாது, பேசவும் வேண்டும். ஆனால் பேசுவதற்கு முன் இரவைப் பற்றி ஒரு கேள்வி, தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி, பகலில் எதைத் தவிர்க்கிறார் என்று ஒரு கேள்வி. இரண்டு நிமிடம் போதும்.

மருத்துவக் கல்லூரிகளுக்கு நான் சொல்வது இன்னும் சின்னது: செய்முறை வகுப்பில் எடையும் இடுப்பளவும் பழகும்போது எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள், விருப்பமில்லாதவரை ஏற்றாதீர்கள். அமெரிக்காவில் 4,700-க்கும் மேற்பட்ட முதலாண்டு மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பெரும்பாலோரிடம் உடல் பருமன் உள்ளவர்கள் மீது வெறுப்புச் சாய்வு இருந்தது. அந்தச் சாய்வோடு படிக்கும் வகுப்பில் பருமனான மாணவரும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அதே சாய்வு இருக்கும், தன் மீதே.

இப்போது அவர் நான்காம் ஆண்டில். எடை 74-க்கும் 75-க்கும் இடையில் நிற்கிறது. பி.எச்.கியூ-9 எண் 4. ஈப்போ மனநலப் பிரிவில் இன்னும் பார்க்கிறார்கள். ஊசிப் பேனாவைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறார். ஆறு மாதம் இரவுச் சம்பவம் இல்லாமல் இருந்தால் நிபுணரோடு சேர்ந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். நான்கு மாதம் ஆகிறது. செர்ட்ராலினை எப்போது நிறுத்துவது என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. இறுதித் தேர்வுக்கு முன்னால் விட்டுவிட வேண்டும் என்கிறார் அவர். ஹவுஸ்மன்ஷிப்பின் முதல் சில மாதங்கள் தாண்டட்டும் என்கிறேன் நான்.